சுற்றாத பாரைச் சுற்ற வைத்தது

கிளிநொச்சியில் நாங்கள் பளுதூக்கும் கொட்டிலில் 20 கிலோ பார் ஒன்றுதான் இருக்கிறது. சோளகக் காற்று வாரி இறைத்த செம்மண் புழுதி அதன் ஸ்லீவுக்குள் புகுந்து, பழைய கிறீசோடு சேர்ந்து இறுகிவிட்டது. தட்டுகள் ஏறும் அந்த 50 மில்லிமீற்றர் உருளை தனியாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால், பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் கை திரும்பும் நேரம் தட்டுகளின் முறுக்கு முழுக்க மணிக்கட்டில் இறங்கும். பெடியளுக்கு வலி வந்ததும் அதனால்தான்.

சைக்கிள் கடை அண்ணையிடம் சேர்க்ளிப் குறடு இரவல் வாங்கி, முனை வளையத்தைக் கழற்றினேன். அது தெறிக்கும், கண் கவனம். வாஷர்களை வந்த ஒழுங்கிலேயே சாக்கில் அடுக்கினேன். மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கத் துடைக்கச் சிவப்புச் சேறு வந்துகொண்டே இருந்தது. ஸ்லீவ் உள்ளே உராய்ந்து சுழலும் பித்தளை வளையம், அதாவது புஷ், மினுங்கும்வரை விடவில்லை. பிறகு தையல் மெசின் எண்ணெய் சில துளி, அவ்வளவுதான். கிறீஸ் வேண்டவே வேண்டாம். எங்கள் புழுதிக்கு அது பசை மாதிரி.

பிடியின் சொரசொரப்பில் எண்ணெய் படக்கூடாது. அங்கே காய்ந்த பிரஷ் போதும்.

இப்போது வெறும் ஸ்லீவைக் கையால் தட்டினால் லேசாகச் சுற்றுகிறது. மாரி தொடங்க முன் மற்ற முனையையும் திறக்க வேண்டும்.