வேலூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு சேவைக்குப் போக இடம் தேடுவது எப்படி

"பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏதாவது நல்ல காரியம் செய்ய வேண்டும், எங்கே போவது" என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'குடும்பத்தோடு வரலாம்' என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடினால் வேலூரில் கிடைக்காது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலைகளில் உங்கள் பிள்ளையின் கைக்கு அடங்குகிற வேலை எது என்று பார்த்து, அதை நடத்துகிறவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு அங்கே நிஜமாகவே ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சும்மா அழகுக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வைத்தால் பத்தாவது நிமிஷம் "வீட்டுக்குப் போலாம்" ஆரம்பித்துவிடும், அப்புறம் உங்களுக்கும் வேலை ஓடாது, கூட்டிப்போன இடத்துக்கும் தொல்லை.

என்னைக் கேட்டால் நம்ம ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்கு உழவாரப் பணியைவிட, அதாவது கோயிலைச் சுத்தம் செய்கிற வேலையைவிடப் பொருத்தமான சேவை கிடையாது. அப்பர் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய காலத்திலிருந்து வருகிற பழக்கம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு அடியார் கூட்டம் துடைப்பம், அரிவாள், மண்வெட்டி, பெரிய சாம்பார் குண்டான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கோயிலுக்குக் கிளம்பிவிடும். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை வருவதுதான் அங்கே வழக்கம், அதனால் "குழந்தை வரலாமா" என்று கேட்டாலே சிரிப்பார்கள். திருவலம் வில்வநாதேஸ்வரர், விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் மாதிரி பெரிய பிராகாரம் உள்ள கோயில்களுக்குப் பக்கத்தில் இருந்தால், அர்ச்சகரிடமோ வாசலில் பூ விற்கிற அம்மாவிடமோ விசாரியுங்கள். எந்தக் குழு எந்த மாதம் வருகிறது என்று அலுவலகத்தில் இருப்பவரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நீங்களே நாலு குடும்பமாகச் சேர்ந்து போவதானால் கோயிலின் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மேல்பாடி சோமநாதேஸ்வரர் கோயில் மாதிரி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் அந்தத் துறையைக் கேட்காமல் ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. எங்கே போனாலும் சிற்பத்தின் மேலும் கல்வெட்டின் மேலும் கம்பித் துடைப்பம் படவே கூடாது.

அங்கே பிள்ளைகளை விளக்குத் தேய்க்கிற இடத்தில் விடுங்கள். ஒரு அகலத் தட்டில் ஊறவைத்த புளி, கொஞ்சம் சாம்பல், ஒரு கைப்பிடி தேங்காய் நார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போன பித்தளைத் தூண்டா விளக்கைக் கொடுத்துவிட்டால், ஒரு மூலையில் தேய்த்ததும் மஞ்சளாகத் தெரிகிற அந்த ஒரு ரூபாய் அகலத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தேய்க்காமல் பிள்ளை எழுந்திருக்காது. சட்டை நாசமாகும், பழசாகப் போட்டுக் கூட்டிப் போங்கள். மூன்று வயசுக்காரருக்குச் சருகு பொறுக்கிக் கூடையில் போடுகிற வேலை சரியாக இருக்கும். புல் வெட்டுகிற பக்கம் மட்டும் விட வேண்டாம், கல் இடுக்கில் தேள் இருக்கும், சில கோயில்களில் பாம்பும் உண்டு, கோயிலுக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். அதே காரணத்தால் நேரமும் முக்கியம். நம்ம ஊர் வெயிலில் பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கெல்லாம் பிராகாரக் கருங்கல்லில் கால் வைக்க முடியாது. ஆறரைக்குப் போய் ஒன்பதுக்குக் கிளம்பிவிடுங்கள், "சாப்பாடு இருக்கு, இருந்துட்டுப் போங்க" என்பார்கள், நிழலில் உட்கார இடம் இருந்தால் இருங்கள்.

கோயில் நமக்கு ஒத்துவராது என்றால் பள்ளிவாசல் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது. ரமலான் மாதத்தில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில், தூக்குவாளியும் பாத்திரமுமாக வரிசையில் நிற்கிற எல்லா மதத்துக்காரர்களையும் வேலூர், ஆம்பூர், மேல்விஷாரத்தில் யாரும் பார்க்கலாம். தெரிந்த ஜமாத்தார் இருந்தால் பேரீச்சம்பழம் பிரித்து வைக்கிற வேலைக்குப் பிள்ளையோடு வரலாமா என்று கேளுங்கள். டிசம்பரில் தேவாலயங்களில் பரிசுப் பை கட்டுவார்கள், ஒவ்வொரு பையிலும் ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட் என்று எண்ணிப் போடுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்த வேலை.

அடுத்தது பறவை எண்ணுவது. இதெல்லாம் ஒரு சேவையா என்று கேட்காதீர்கள். ஒரு ஏரியில் எந்தப் பறவை இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று சொல்ல ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஊர் ஊராக ஆள் தேவைப்படுகிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது. பொங்கல் லீவு நாட்களிலேயே வருவதால் பள்ளிக்கூடப் பிரச்சினை இல்லை, ஊருக்குப் போனாலும் அந்த ஊரிலேயே செய்யலாம். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க இன்னொரு நாலு நாள் கணக்கெடுப்பும் உண்டு. ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், மொட்டை மாடியே போதும். கொஞ்சம் வெளியே போகலாமென்றால் கழிஞ்சூர் ஏரிக்கரை, ஓட்டேரி, கோட்டை அகழி. நீர்க்காகம் கல் மேல் இறக்கையை விரித்துக் காய்கிறதை ஒரு முறை காட்டிவிட்டால் அப்புறம் பிள்ளையே தேட ஆரம்பித்துவிடும். சின்னவருக்கு மைனா மட்டும், பெரியவருக்குக் கொக்கு, மீன்கொத்தி, கரிச்சான் என்று பிரித்துக் கொடுங்கள். குத்துமதிப்பாக 'நூறு' என்று பிள்ளை சொன்னால் ஏற்றிவிடாதீர்கள், நீங்களும் ஒரு தரம் எண்ணுங்கள். தண்ணீர் ஓரம் போகும்போது ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது கறாராக இருக்க வேண்டும்.

மரம் நடு விழாக்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. முக்கால்வாசி இடத்தில் குழி ஏற்கெனவே வெட்டியிருக்கும், கன்று தயாராக இருக்கும், பிள்ளை கையில் ஒரு பூவாளி கொடுத்து போட்டோ எடுப்பார்கள், அடுத்த கோடையில் அந்தக் கன்று என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. பனை விதை நடுவது அப்படி இல்லை. நம்ம மாநில மரம், ஆடி ஆவணியில் பழம் தானாக விழும், பொறுக்குவதிலிருந்து நடுவது வரை எல்லாமே பிள்ளை செய்யக்கூடியது. ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டை இருக்கும், அழுகிய சதையோடு அதைப் பிரித்தெடுக்கும்போது கையெல்லாம் ஆரஞ்சு நிறமாகி வாசனை இரண்டு நாள் போகாது, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். புரட்டாசி மழை பெய்து மண் இளகியதும் ஏரிக்கரையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி, பத்தடிக்கு ஒரு விதை. கரை நீர்வளத் துறையுடையதா ஊராட்சியுடையதா என்று கேட்டுக்கொண்டு நடுங்கள். பொங்கலுக்கு வேக வைத்துத் தின்கிற பனங்கிழங்கும் இப்படிப் புதைத்ததில் வருவதுதான் என்று சொன்னால் ஒரு விதையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கக் கேட்கும், கொடுத்துவிடுங்கள். இந்த வேலை எங்கே நடக்கிறது என்பதைக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களிடம் கேட்டால் தெரியும். ஊரிசு, முத்துரங்கம், ஆக்ஸிலியம் என்று பக்கத்திலேயே கல்லூரிக்குக் குறைவில்லை. கிராமமென்றால் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்றைக்கெல்லாம் கட்டாயம் நடக்கும்.

மழைக்கும் வெயிலுக்கும் உட்கார்ந்த இடத்தில் செய்ய நூலகம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், அவர்களிடம் "மாதம் ஒரு சனிக்கிழமை நான் வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன், என் பிள்ளையும் உட்காரும்" என்று சொல்லிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்கிற நூலகரை நான் பார்த்ததில்லை. கிழிந்த பக்கம் ஒட்டுவது, அட்டை போடுவதும் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக நடத்துகிற துளிர் இல்லங்களும் இப்படித்தான், நிலா பார்க்க, எளிய சோதனை செய்து காட்ட எப்போதும் கை தேவைப்படும்.

முதியோர் இல்லத்துக்குப் பிள்ளையோடு போங்கள், தயங்க வேண்டாம். ஆனால் போய் நிற்பதற்குப் பதிலாகத் தாயக்கட்டமோ பல்லாங்குழியோ கொண்டு போங்கள். "இன்னா கண்ணு, எத்தினியாவது படிக்கிற" என்று ஆரம்பிக்கிற பாட்டி, அடுத்த பத்து நிமிஷத்தில் சோழி போடுவதில் உங்கள் பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருப்பார், இரண்டு பேருக்கும் வேறு யாரும் தேவைப்பட மாட்டார்கள். சளி, இருமல் இருந்தால் அந்த வாரம் போகவே வேண்டாம்.

குழந்தைகள் இல்லங்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போய், அம்மா அப்பா இல்லாத நாற்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, நம்ம பிள்ளை நடுவில் நின்று பரிமாற, அவர்கள் வாழ்த்துப் பாட வேண்டும் என்பது யாருக்காக? நம்ம பிள்ளைக்கும் அதில் கிடைப்பது 'நான் கொடுக்கிறவன்' என்கிற நினைப்பு மட்டும்தான். சாப்பாட்டுக்கு ஆகிற பணத்தை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள், போதும். போட்டோ எடுத்துப் போடுவதும் தவறு. இல்லத்தில் பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளின் பெயர், முகம், அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது.

கூட்டிப்போகவே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வார்டு. ரத்த தான முகாம் (கொடுக்க 18 வயது ஆக வேண்டும், பிள்ளைக்கு அங்கே வேலையில்லை). பாலாற்றுத் தூய்மைப் பணி, மணலுக்குள் உடைந்த பாட்டிலும் ஊசியும் கருவேல முள்ளும் கிடக்கும், கொடுக்கிற கையுறையும் பெரியவர் அளவுதான், சின்னக் கையில் விரல் நுனியெல்லாம் காலியாகத் தொங்கும். தெருநாய்க் காப்பகம், பத்து வயசாவது ஆகட்டும். எங்கேயாவது நாய் பிறாண்டினாலும் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அப்புறம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி கூட்டம். அன்றைக்கு நீர்மோர்ப் பந்தலில் நிற்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டத்தில் பிள்ளை கையை விட்டால் தேடி மாளாது. அதற்குப் பதில் சித்திரையில் உங்கள் தெருமுனையிலேயே ஒரு பானை வையுங்கள், டம்ளர் எடுத்துக் கொடுக்கிற வேலை பிள்ளையுடையது.

சரி, எப்படிக் கேட்பது? போனில் கேளுங்கள், வாட்ஸப்பில் வேண்டாம். "குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா" என்று மட்டும் கேட்டால் மரியாதைக்கு "தாராளமா வாங்க" என்பார்கள், அங்கே போனால் நிழலும் இருக்காது, கழிப்பறையும் இருக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வணக்கம் சார், நான் காட்பாடியிலிருந்து பேசறேன். எனக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு, மூணு வயசுல ஒரு பையன். நாங்க ரெண்டு பேரும் கூடவே இருப்போம். ஒன்றரை மணி நேரம்தான் இருக்க முடியும். பசங்க செய்யற மாதிரி என்ன வேலை இருக்கு? கழிப்பறை பக்கத்துல இருக்குங்களா? நடுவுல கிளம்ப வேண்டி வந்தா பரவாயில்லீங்களா?"

'என்ன வேலை இருக்கு' என்ற கேள்விக்கு அவர் சட்டென்று ஒரு வேலை சொன்னால் போகலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம், வாங்க" என்றால் முதலில் நீங்கள் மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பிள்ளையின் படத்தை அவர்கள் பக்கத்தில் போட வேண்டாம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, அங்கே போய்க் கேமரா முன்னால் நின்றுகொண்டு சொல்வது சங்கடம்.

பையில் தண்ணீர், தொப்பி, ஒரு மாற்று உடை, ஈரத் துணி, கொஞ்சம் பொரியோ கடலை மிட்டாயோ. வயிறு காய்ந்த பிள்ளை எந்தச் சேவைக்கும் ஆகாது, அதனால் இட்லி ஊட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போகிற வழியிலேயே இன்றைக்கு என்ன வேலை, யார் சொன்னால் கேட்க வேண்டும் என்று பிள்ளையிடம் பேசிவிடுங்கள். வாராவாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மாதம் ஒரு தரம் என்று சொல்லுங்கள், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கே நாக்கு தள்ளும். காலையில் பிள்ளைக்கு உடம்பு கதகதவென்றிருந்தால் யோசிக்காமல் போன் போட்டு "இந்த மாசம் வர முடியலைங்க" என்று சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிட்டால் அங்கே உங்களை எண்ணி எடுத்து வைத்த வேலையும் இலையும் காத்துக்கொண்டிருக்கும்.