பாம்புக்குக் குடற்பூச்சி மருந்து: பாட்டிலைத் திறக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

போன டிசம்பரில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். "அண்ணா, பூச்சி மருந்து ஃபென்பெண்டசோல் வாங்கிட்டேன். எவ்வளவு ஊத்தணும்?" பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு இனம்) வளர்க்கும் தம்பி ஒருவன். எடை எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்றரை கிலோ இருக்கும்ணா." சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதற்குள் பாம்பை விட்டு நிறுக்கச் சொன்னேன். 940 கிராம்.

பூச்சி என்று எப்படி முடிவு பண்ணினாய் என்றால், ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லையாம். பெரும்பாலும் கதை இங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த பால் பைத்தான் குளிர்மாதங்களில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இரையைத் தொடாது. எடை பெரிதாகக் குறையாதவரை அது நோயே இல்லை. சாப்பிட்டும் இளைப்பது, விழுங்கியதைக் கக்குவது, மலம் சளியோடோ ரத்தத்தோடோ தண்ணீராகப் போவது, தாங்க முடியாத நாற்றம், மலத்தில் கண்ணுக்குத் தெரியும் புழு: குடலைச் சந்தேகிக்க வைப்பவை இவைதான். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பதுபோலப் பாம்புக்கும் காலண்டர் பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவசியமே கிடையாது.

முதலில் மலப் பரிசோதனை. பால் பைத்தான் சில நேரம் வாரக்கணக்கில் மலம் கழிக்காமல் இருக்கும் என்பதால், டப்பாவை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக இருப்பது சிறுநீர்க் கழிவு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எதுவும் தெரியாது. பழுப்புப் பகுதிதான் வேண்டும். காயாமல் இறுக மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். ஃப்ரீசர் கூடாது. ஒற்றைச்செல் உயிரிகள் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் ஃபிரிட்ஜும் வேண்டாம். அவை நீந்துவதைப் பார்க்கச் சூடாறாத மலம் தேவை. ஒரு தடவை எதுவும் தெரியவில்லை என்றால் பாம்பு சுத்தம் என்று அர்த்தமில்லை, புழு தினமும் முட்டையிடாது. இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது.

தம்பியின் பாம்பு பதினோரு நாள் கழித்து மலம் போட்டது. "முட்டை இருக்கு" என்று ரிப்போர்ட். அவனுக்கு ஒரே சந்தோஷம், நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று. ஊர்வனவற்றோடு பழக்கமுள்ள இன்னொரு மருத்துவரிடம் காட்டினோம். ஒரு பக்கம் தட்டையாக, வாழைப்பழம் போல வளைந்த முட்டைகள். எலியின் கீரிப்பூச்சி முட்டை! இரையோடு உள்ளே போய், பாம்பை ஒன்றும் செய்யாமல் வெளியே வந்தவை. மருந்தே தேவைப்படவில்லை. முட்டை இருப்பதைவிட அது யாருடைய முட்டை என்பதுதான் முக்கியம். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய இடத்தில் இந்தக் கேள்வி எழாமலே போகலாம்.

உண்மையிலேயே புழு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று கிடையாது. உருண்டைப் புழுவுக்கு ஃபென்பெண்டசோல், நாடாப்புழுவுக்கு பிராசிகுவாண்டெல். மெட்ரோனிடசோல் புழுவுக்கானதே அல்ல, அமீபா போன்றவற்றுக்கு. ஃபென்பெண்டசோல் "ரொம்ப சேஃப்" என்று ஒரு பேச்சு உண்டு. அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் அடிவாங்கும், பாம்புகள் செத்தும் இருக்கின்றன. ஐவர்மெக்டின் என்ற இன்னொரு பூச்சி மருந்து விஷயத்தில் எனக்கு இன்னும் பயம். ஆமைக்கு அது எமன். பால் பைத்தான்களுக்கும் நரம்புக் கோளாறு வந்திருக்கிறது. பாம்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மனிதர்களுக்கான மாத்திரை ஒன்றில் 12 மில்லிகிராம். ஒரு கிலோ பாம்புக்கு அது அறுபது மடங்கு. அதைக் கால்வாசியாக உடைத்துக் கொடுத்தேன் என்பவர்களுக்கு என்ன சொல்வது?

கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபென்பெண்டசோல் திரவம் 10 சதவீதத்திலும் வருகிறது, 2.5 சதவீதத்திலும் வருகிறது. முதலாவதில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், இரண்டாவதில் 25. மருத்துவர் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 940 கிராம் பாம்புக்கு 47 மில்லிகிராம். 10 சதவீத பாட்டிலில் அது அரை மில்லிகூட இல்லை, மற்றதில் ஏறக்குறைய 1.9 மில்லி. அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றினால் நாலு மடங்கு போய்விடும். "ஒன்றரை கிலோ இருக்கும்" என்ற மதிப்பீட்டிலேயே அறுபது சதவீதம் கூடுதல்.

ஊற்றும்போது: பாம்பின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பக்கத்திலேயே, வாயின் அடித்தளத்தில் திறந்து மூடுவது தெரியும். மருந்து அதில் போனால் நிமோனியா. ஒரு தடவை மருத்துவர் செய்வதைப் பார்க்காமல் நீங்களாகக் குழாய் விடாதீர்கள். நீர் வற்றிக் கிடக்கும் பாம்புக்கும், குளிர்ந்த கூண்டில் இருக்கும் பாம்புக்கும் மருந்து கொடுப்பது இன்னொரு தவறு. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று கணிக்கவே முடியாது.

கூண்டைத் தொடாமல் பாம்புக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதும் வீண். காலிசெஃபாலஸ் என்ற கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரப் படுக்கையிலேயே வளர்ந்து திரும்பவும் பாம்புக்குள் போகும். நம் ஊரில் தென்னை நார்க்கழிவு மலிவு, எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். சிகிச்சை முடியும்வரை செய்தித்தாள்தான். மலம் கண்டதும் மாற்றுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவுங்கள். இரண்டு வாரம் கழித்து மருத்துவர் சொன்ன இரண்டாவது தவணையை, "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது.

பொறியில் சிக்கிய வீட்டெலியை இரையாகப் போடாதீர்கள். புழுவும் வரும், எலி மருந்தும் வரலாம். வீட்டில் ஆமைத் தொட்டி இருந்தால் கிடுக்கி, வலை, வாளி எல்லாம் தனித்தனி. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா ஆமையின் வயிற்றில் சத்தமில்லாமல் குடியிருக்கும். பாம்புக்குள் போனால் குடலையும் ஈரலையும் அரித்துக் கொன்றுவிடும்.

சிலர் மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியமல்ல, பயம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். சாரை, மண்ணுளி போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்க்கவே கூடாது. காகிதம் சரியாக இருந்தால் ராத்திரி பத்தரைக்கு என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக, எந்தப் பூச்சி மருந்துக்கும் மசியாத ஒன்று. இரை தின்று மூன்று நான்கு நாளில் கக்குகிறது, உடம்பின் நடுப்பகுதி வீங்கி, தடவினால் கட்டியாகத் தெரிகிறது என்றால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். இரைப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும் இதற்கு நம்பகமான குணம் கிடையாது. பிளீச்சிங் திரவத்துக்கும் அதன் முட்டைக்கூடுகள் சாகாது. வாரக்கணக்கில் புழு மருந்து ஊற்றிக்கொண்டிருப்பதற்குள் அது பக்கத்துக் கூண்டுக்குப் போய்விடும். அந்தப் பாம்பைத் தனி அறைக்கு மாற்றிவிட்டு, மற்ற பாம்புகளுக்கெல்லாம் இரை போட்டுத் தண்ணீர் வைத்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள்.