சபராளிகளிடம் பள்ளிவாசலுக்கு நன்கொடை வாங்கும் முறை

எங்கள் ஊர் ஜமாஅத்தில் பதினோரு வருடம் கணக்கு எழுதியவன் நான். துபாய், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சபருக்கு, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் அனுப்பாவிட்டால் எங்கள் மதரஸாவுக்குக் கூரையே இருந்திருக்காது. வேர்வை சிந்திய அந்தக் காசு வில்லங்கம் இல்லாமல் வந்து சேர வேண்டும்.

எந்த வேலை என்பதை முதலில் ஊரில் முடிவு செய்யுங்கள். ஒரு தடவை வெளிநாட்டில் இருந்தவர்கள் மினாராவுக்கென்று பணம் திரட்டினார்கள். இங்கே பெண்பிள்ளைகள் மதரஸாவில் கூரை ஒழுக, பிள்ளைகள் குர்ஆனை மடியில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் மஹல்லாக் கூட்டத்தில் பேசி, கொத்தனாரின் மதிப்பீட்டை வாட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் பணப் பேச்சு.

அடுத்தது, கொடுப்பவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்காரர் முப்பது வருடம் சவூதியில் இருந்தாலும், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதின் அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவரோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டவர். "தங்கச்சி கணக்கில் போடுறேன், அவ பள்ளிக்குக் கொடுத்துடுவா" என்பார் அப்படிப்பட்ட ஒரு காக்கா (அண்ணன்). கை மாறி வந்தாலும் அது வெளிநாட்டுப் பணமே. பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில், அதாவது ஹவாலாவில், வரும் பணத்தைத் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் பணமும் வேண்டுமென்றால் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். 3 ஆண்டுச் செயல்பாடும் 15 லட்ச ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள். சின்ன ஜமாஅத்துக்கு அது முடியாது. தொகையும் நோக்கமும் எழுதிய நன்கொடையாளர் கடிதத்தோடு ஒரு வேலைக்கு மட்டும் முன்அனுமதி கேட்கலாம். எப்படியானாலும் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். சந்தாப் பணத்தோடு கலக்கக் கூடாது. பக்கத்து ஊர் மதரஸாவுக்குப் பங்கு கொடுக்கவும் 2020 முதல் வழியில்லை.

வேலை முடிந்ததும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் அதே கணக்குத் தாளை வெளிநாட்டுக் குழுவுக்கும் அனுப்புங்கள். எங்கள் புதுக் கூரையில் முதல் மழை விழுந்த அன்று, பிள்ளைகள் நனையாத பாயில் ஓதுவதைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று இரவே குவைத்திலிருந்து ஒரு தம்பி, ஜன்னலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.