தானமாய் வந்த மாட்டுக்கும் பல் பார்க்கணும்

சேலத்திலிருந்து கருப்பூர் பக்கம் போகும்போது வெள்ளை வெள்ளையாக மேடுகள் தெரியும். வெள்ளைக்கல் சுரங்கம் என்பார்கள், புத்தகத்தில் மேக்னசைட். டியூனைட் பாறைக்குள் அது நரம்பு நரம்பாக ஓடுவதைக் காட்ட, முதலாண்டு புவியியல் வகுப்புக்கு நாற்பது ஸ்லைடு தயார் செய்தேன். கடைசி ஸ்லைடில் பெருந்தன்மையாக ஒரு வரி: ‘நன்றி: கூகுள்’.

கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. யாரோ எடுத்தது அங்கே கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். கண்ணில் படுவதும், ‘எடுத்துக்கொள்’ என்று உரியவர் எழுதித் தந்திருப்பதும் வேறு வேறு. யாரும் எடுத்து, திருத்தி, பகிரலாம் என்ற அனுமதியோடு வரும் பாடப்பொருளைத்தான் திறந்த கல்வி வளம் என்கிறோம். அந்தப் பெயர் 2002-ல் யுனெஸ்கோ கூட்டத்தில் பிறந்தபோதே, இலவசம் என்பதோடு அனுமதியும் அதில் சேர்ந்திருந்தது. உரிமம் பற்றி எதுவும் எழுதாத பிடிஎஃப், இலவசமாக இறங்கினாலும் காப்புரிமை உள்ளதுதான்.

‘வகுப்புக்குத்தானே சார்’ என்பார்கள். சரி, வகுப்புக்கு இடம் உண்டு. 1957 காப்புரிமைச் சட்டம், கற்பித்தலின்போது ஆசிரியர் படியெடுப்பதற்கு விலக்குத் தருகிறது. பாடப்பகுதிகளை நகலெடுத்துக் கொடுத்த கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் அதே ஸ்லைடை உலகமே பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. வகுப்பறைக்கான சலுகையை அங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அப்புறம் உரிமத்தைப் படிக்காமல் விடுவது. படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த உரியவரே முன்கூட்டி அனுமதி தரும் பொது உரிமங்கள்தான் கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமாக சிசி. அந்தப் பெயரைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. பின்னால் வரும் எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது. பிஒய் என்றால் பெயர் சொல்ல வேண்டும். எஸ்ஏ என்றால், மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி என்றால் வணிக நோக்கம் கூடாது. என்டி என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது.

நம் ஊரில் சறுக்குவது இந்த என்டியில்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்காக நல்ல ஆங்கிலக் குறிப்பு ஒன்றை ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். என்டி இருந்தால் அந்தத் தமிழாக்கத்தை உரியவரிடம் கேட்காமல் வெளியிட முடியாது. முப்பது பக்கம் எழுதி முடித்த பிறகுதான் நான் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தேன்.

இன்னொரு சிக்கல், கலப்பது. ஐஐடிகள் இணையத்தில் தரும் என்பிடெல் பாடங்கள் பிஒய்-எஸ்ஏ. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்கள் பிஒய்-என்சி-எஸ்ஏ. இரண்டிலும் பத்தி பத்தியாக எடுத்து ஒரே பாடமாகக் குழைத்தால் எந்த உரிமத்தில் வெளியிடுவது? ஒன்று வணிகத்தை அனுமதிக்கச் சொல்கிறது, மற்றது தடுக்கச் சொல்கிறது. இரண்டும் ‘என் உரிமத்தையே போடு’ என்கின்றன. குழைக்காமல் தனித்தனியாக வைத்து, அதனதன் உரிமத்தை அதனதன் கீழே எழுதினால் தொல்லையில்லை.

நன்றி சொல்வதற்கு முகவரியை மட்டும் ஒட்டினால் போதாது. நான் இப்போது எழுதுவது இப்படி: படத்தின் தலைப்பு; எடுத்தவர் பெயர்; விக்கிமீடியா காமன்ஸ், பக்கத்தின் இணைப்பு; சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ‘ஓரம் வெட்டி, பெயர்கள் தமிழில் எழுதப்பட்டுள்ளன’. அந்தக் கடைசித் துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும் என்பதும் உரிமத்தின் நிபந்தனைதான். படத்தை எடுக்கும்போதே இதை எழுதிவிடுங்கள். செமஸ்டர் முடிவில் தேடினால் தலை சுற்றும்.

நாம் கொடுக்கும்போதும் கோளாறு வருகிறது. கையெழுத்து நோட்டை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ‘ஓப்பனா ஷேர் பண்ணிட்டேன்’ என்கிறோம். உரிமம் எழுதவில்லை, திருத்தவும் வழியில்லை. பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்பு இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும், தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் தட்டி, பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் கொடுத்தால்தான் வாங்குபவருக்குப் பயன்.

பயத்தில் எல்லாவற்றுக்கும் என்சி போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு பிரிண்ட் போடலாமா என்ற சந்தேகம் அங்கேயே முளைக்கும். நான் பிஒய்-எஸ்ஏ போடுகிறேன். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், ஏற்றும் முன் ஒரு நாள் ஆறப்போடுவது மட்டும் வழக்கம்.

ஆறப்போட்டதால் போன தடவை ஒரு தவறு செய்யாமல் தப்பித்தேன். ஏற்காடு மலைப்பாதையில் சார்னோக்கைட் பாறை பார்க்கப் போனபோது மாணவர்கள் எடுத்த படங்கள் அவை. எடுத்தது அவர்கள், உரிமையும் அவர்களுடையது. நானாக உரிமம் போட முடியாது. வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். ஒரு படத்தில் பாறையின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் நின்ற மாணவி மட்டும், ‘என் முகம் வேண்டாம் சார்’ என்றாள். அதே பாறையைச் சுத்தியல் சாய்த்து வைத்து எடுத்த படமும் இருந்தது. அதைப் போட்டோம்.