பூட்டிய வீடுகள் திறக்கும் காலம்: செட்டிநாட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

செட்டிநாட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கும் வெளிநாட்டு உறவினர்களுக்குப் பலரும் சொல்லும் யோசனை, "கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்" என்பது. நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ சாதாரண நாளில் நடந்து பாருங்கள். ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் தோட்டவாசல் முடிகிற வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். அவர்கள் எல்லாரும் வந்து சேர்வதும், பர்மா தேக்குக் கதவு முழுதாகத் திறப்பதும், வளவு எனும் நடுமுற்றத்தில் பந்தி நடப்பதும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த நாட்களில்தான் அந்த ஊர்கள் ஊராக இருக்கின்றன.

ஆகவே கூட்டத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்கவும் வேண்டாம். ஒரு திருவிழாவைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்திலேயே தங்கி, முழுதாகப் பாருங்கள்.

எந்தத் திருவிழா என்பது உங்கள் விடுமுறையைப் பொறுத்தது. டிசம்பரில் வருகிறவர்களுக்குப் பிள்ளையார் நோன்பு வாய்க்கலாம். இது கோயில் கூட்டம் இல்லை, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளுக்குள் நடப்பது. திருக்கார்த்திகை தொடங்கி 21 நாள், நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியிலிருந்து நூலிழை எடுத்துச் சேர்ப்பார்கள். சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த 21 இழைகளையும் திரியாகத் திரித்து, நெய்யும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுக்க, வாங்குகிறவர் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஓர் இழை. யாராவது வீட்டுக்காரர் அழைத்தால் தயங்காமல் போங்கள். அழைப்பில்லாமல் போகும் நிகழ்ச்சி அல்ல இது.

தைப் பொங்கலை ஒட்டி வருகிறவர்களுக்கு வாரம் முழுவதும் வேலை இருக்கும். பொங்கலை அடுத்த செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் செவ்வாய்ப் பொங்கல். புள்ளிக்கு ஒரு பானை, அதாவது திருமணமான தம்பதிக்கு ஒன்று. முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளெல்லாம் அன்றைக்கு வந்துவிடுவதால், வரன் பேசுவதும் அங்கேயே நடக்கும்.

செட்டிநாடு நகரத்தாருக்கு மட்டுமான மண் அல்ல என்பதைக் காட்டுவது தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. சுற்றுவட்டார நாட்டார்கள் கூடி நடத்துவது. அதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு எச்சரிக்கை. வாடிவாசலில் ஒவ்வொன்றாக விடும் ஜல்லிக்கட்டை மட்டுமே படத்தில் பார்த்துவிட்டு இங்கே வராதீர்கள். தொழுவிலிருந்து விடும் மாடுகள் தவிர, கட்டுமாடுகளையும் பொட்டலில் அங்கங்கே அவிழ்த்துவிடுவார்கள். மாடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். மேடையில் இடம் கிடைத்தால் இருங்கள், கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம். தைப்பூசம் நெருங்கும்போது பழநிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை குன்றக்குடி வழியாகப் போகும். அந்த வாரங்களில் இரவில் கார் எடுத்தால் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சாலையோரம் முழுக்க நடப்பவர்கள் இருப்பார்கள்.

ஆவணியில் வருகிறவர்களுக்குப் பிள்ளையார்பட்டி. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நாளைத் தவறவிடுகிறார்கள். மும்பையில் சதுர்த்தியன்று தொடங்கும் விழா, பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று முடிகிறது. பத்து நாள் விழாவின் பத்தாம் நாள்தான் அது. அன்று காலை தீர்த்தவாரியும் உச்சிப் பொழுதில் முக்குருணி மோதகப் படையலும் உண்டு. ஆனால் தேர் முந்தைய நாளே ஓடிவிடும். பிள்ளையார் தேரோடு வரும் சண்டிகேசுவரர் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூலவருக்குச் சார்த்தும் சந்தனக் காப்பும் அந்த ஒன்பதாம் நாள் மாலைதான். ஆகவே ஒன்பதாம் நாள் மதியமே போய்ச் சேர்ந்து, பக்கத்தில் இரவு தங்கி, மறுநாள் காலை தீர்த்தவாரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் காவடியும், குன்றக்குடியில் உத்திரத் தேரும் உண்டு. அதே உத்திரத்தை ஒட்டிக் காரைக்குடியில் கம்பன் விழா, சா. கணேசன் 1939-இல் தொடங்கிவைத்தது. அத்த நட்சத்திர நாளன்று நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் நிறைவுபெறும். வைகாசியில் கொப்புடைய நாயகி அம்மனுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா. இவையெல்லாம் வெயில் காலம். பத்து மணிக்கு மேல் கோயில் கல்தரையில் கால் வைக்க முடியாது. முதியவர்களை விடியற்காலையிலேயே அழைத்துப் போய் வந்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்த விழாக்களில் பலவற்றின் தேதியை நட்சத்திரமும் திதியும் கிழமையும்தான் முடிவு செய்கின்றன. சென்ற ஆண்டுத் தேதியை வைத்து விமான டிக்கெட் எடுக்காதீர்கள். கோயிலிலோ ஊரிலிருக்கும் உறவினரிடமோ கேட்டு உறுதி செய்த பிறகு எடுங்கள்.

திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சியே வசதி. சென்னையில் இறங்குகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் விரைவு ரயில் இரவில் காரைக்குடி சேர்க்கும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. பொங்கல் வாரத்துக்கு அது திறந்த காலையிலேயே தீர்ந்துவிடும். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடுகள் இருக்கின்றன. பல மாதம் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திருப்பத்தூர், புதுக்கோட்டையில் தேடுங்கள். அசல் பாஸ்போர்ட்டும் விசா தாளோ ஓ.சி.ஐ. அட்டையோ இல்லாமல் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அறை தரமாட்டார்கள்.

வீடு பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருவிழாவில் கதவு திறந்திருப்பது வீட்டார் வந்திருப்பதால். முகப்பில் நின்று கேளுங்கள். பெண்களை வயது பார்க்காமல் "ஆச்சி" என்றே அழைக்கலாம். அந்த ஊரின் மரியாதை அது. "உள்ளே வந்து பார்க்கலாமா ஆச்சி?" என்று கேட்டால் பெரும்பாலும் வளவு வரை அழைத்துக் காட்டுவார்கள். இரண்டாம் கட்டுக்கும் அடுப்படிக்கும் அவர்களாக அழைத்தால்தான் போக வேண்டும். சாமி அறையைப் படம் எடுக்காதீர்கள்.

மலேசியா, சிங்கப்பூர், பர்மா வழியாக வந்த நகரத்தார் குடும்பத்துப் பிள்ளைகள் தாத்தா வீட்டைத் தேடி வருவது உண்டு. அவர்கள் கையில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: ஊர், கோயில், விலாசம். கோயில் என்றால் உங்கள் குடும்பம் சேர்ந்த நகரத்தார் கோயில் பிரிவு; இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பதில் ஒன்று. விலாசம் என்பது அந்த வீட்டு முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை. தெருப் பெயரும் கதவு எண்ணும் தெரியாவிட்டாலும் விலாசத்தைச் சொன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், விலாசம் அதில் இருக்கும்.

சாப்பாட்டில் ஒரு ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் வீடுகளில் கறி சமைக்கமாட்டார்கள். கோழி வறுவலுக்கு ஓட்டல்தான். அந்த நாட்களில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, கும்மாயம் என்று கேட்டுச் சாப்பிடுங்கள். செட்டிநாட்டுக் கைப்பக்குவம் அவற்றில்தான் தெரியும்.

ஊர் திரும்பும் கூட்டம் ஓயட்டும் என்று ஒரு நாள் கூடுதலாக இருந்தால், தரையில் பதிக்கும் பூக்கற்கள் செய்யும் ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் பரப்பி அமுக்குகிறார்கள். காய்ந்தபின் கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போதே பளபளப்பு வந்திருக்கும். மெருகு போடுவதே இல்லை. பெட்டியில் ஓரிரு கற்கள் கொண்டுவரலாம். பனையோலைக் கூடையான கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் பெட்டிக்கு இன்னும் இலகு.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் மட்டும் நிதானம் வேண்டும். நூறு ஆண்டு கடந்த சிலை, ஓவியம், மரவேலைப்பாடு போன்றவற்றை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. உங்கள் சொந்தப் பாட்டி வீட்டிலிருந்து எடுத்ததென்றாலும் இதே விதிதான். நூறு ஆண்டுக்கு உட்பட்டதுதான் என்றால், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நாளாகும் என்பதால், பயணத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.