பென்ஷன் வேலையெல்லாம் மனசு நன்றாக இருக்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள்

எனக்கு பைபோலார், அதாவது மனசு சில சமயம் உச்சத்தில் பறக்கும், சில சமயம் அடியில் விழுந்துவிடும் மனநோய். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மாதாமாதம் வரும் ஊனமுற்றோர் பென்ஷன் பெரிய தொகை ஒன்றும் இல்லை. 40 முதல் 75 சதவீதம் வரை ஊனம் உள்ளவர்களுக்கு கர்நாடகத்தில் 2021இல்தான் 600 ரூபாயை 800 ஆக்கினார்கள். ஆனாலும் அது என் பெயரில் வரும் பணம், அதை இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ். யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்தால் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நான்கிலும் 0 முதல் 4 வரை போடுவார்கள், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. மொத்தம் 20இல் 7 வந்தால்தான் 40 சதவீதம், அதற்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாது. அதனால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோ வேறு எங்கோ முதன்முதலில் பார்த்த பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், வருடத்துக்கு அதுதான் சாட்சி.

கூட வருபவரிடமும் முன்னாடியே பேசிவிடுங்கள். எங்கள் அம்மா டாக்டரிடம் "அவனே குளிப்பான், அவனே சாப்பிடுவான் சார்" என்று சொல்லிவிட்டார். பத்து தடவை கத்தினால்தான் குளிக்கப் போவேன் என்பதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கௌரவத்தை ஒரு மணி நேரம் வீட்டில் வைத்துவிட்டு, மோசமான வாரத்தில் என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

யூடிஐடி கார்டு வந்ததும் நாடகச்சேரியில், அதாவது அரசின் உள்ளூர் வருவாய் அலுவலகத்தில், பென்ஷனுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். கன்னடம் எழுதத் தெரியாதென்றால் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. நான் நன்றாக மாட்டிக்கொண்டது இங்கேதான். மனசு உச்சத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், ஏதோ ஆஃபர் என்று போனிலேயே புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, கேட்ட கட்டத்தில் எல்லாம் டிக் போட்டேன். அதில் ஒரு டிக், அரசு உதவித்தொகை இனிமேல் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்பது. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் அப்படி இணைத்தோமோ அங்கேதான் போகும். நான் பென்ஷன் நின்றுவிட்டது என்று மூன்று முறை நாடகச்சேரிக்கு அலைந்தேன், பணமோ நான்கு மாதமாக அந்தப் புதுக் கணக்கில் விழுந்து, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமாகக் கரைந்துகொண்டிருந்தது. பணம் வரவில்லையா, அலைவதற்கு முன்னால் ஆதாரோடு பதிவான போனிலிருந்து *99*99*1# போட்டு எந்த வங்கி என்று பாருங்கள்.

பென்ஷனுக்கென்று தனியாக ஒரு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் நல்லது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் நான்கு முறை பணம் எடுக்கக் கட்டணமும் கிடையாது. அந்தக் கணக்கை யூபிஐயில் சேர்க்காதீர்கள், இஎம்ஐ, ஓடிடி சந்தா எதையும் அதில் கட்டாதீர்கள். உச்சத்தில் இருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு எல்லாமே தேவையாகத் தெரியும், கார்டு கையில் இல்லாவிட்டால் காலை வரைக்குமாவது தாங்கும். என் ஏடிஎம் கார்டு தங்கையிடம் இருக்கிறது, பின் நம்பர் என்னிடம். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டேன், தங்கை மேல் சந்தேகம் என்று இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 13 நம் பண விவகாரத்தை நாமே பார்த்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. "உனக்கு எதுக்குப் பணம்" என்று பாஸ்புக்கைப் பிடுங்கி வைக்கும் அண்ணன்மார்களுக்கு இதைக் காட்டலாம்.

இன்னொன்று, மனநோய்ச் சான்றிதழைப் பலருக்கும் தற்காலிகமாகத்தான் தருகிறார்கள், காலாவதி தேதி போட்டிருக்கும். என்னுடையது முடிந்த சமயம் படுக்கையை விட்டே எழ முடியாத நிலை, புதுப்பிக்கவில்லை, பென்ஷன் நின்றது. இப்போது அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு தேதியை மாத்திரை டப்பா மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தங்கை போனிலும் அதே தேதிக்கு அலாரம். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பாஸ்புக், யூடிஐடி எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் ஒரே கவரில், பீரோவின் மேல்தட்டில்.

எதுவுமே ஓடாத நாளில் ஃபாரத்தைத் தொடாதீர்கள். 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். ஃபாரத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.