காலை வெட்டாமல் ஓர் ஆடும் நாற்காலி

ஊஞ்சல் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அசையாத இருக்கை சரிப்படாது. நான் அந்த ரகம். இப்போது குடியிருப்பதோ வாடகை அடுக்குமாடி வீடு. கூரையில் கொக்கி மாட்ட அனுமதி இல்லை. ஆடும் நாற்காலி வாங்கலாமென்றால், ஆடாத நேரத்திலும் அது ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும். விருந்தினர் வந்தால் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போடவும் முடியாது.

எனவே சாதாரண மர நாற்காலி ஒன்றுக்குக் கழற்றி மாட்டும் வளைகால்கள், அதாவது கால்களில் பொருத்தும் அடி வளைந்த பலகைகள், செய்தேன். நான்கு நட்டுகளைத் திருகினால் ஆடும்; கழற்றினால் பழையபடி நிற்கும். இந்த யோசனை எனக்கு முன்பே பலருக்கு வந்ததுதான். அமெரிக்காவின் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1950 வாக்கில், ஒரே வார்ப்பு இருக்கைக்கு விதவிதமான கால்களைப் பொருத்தும்படி நாற்காலிகளை வடிவமைத்தார்கள். அவற்றில் ஒன்றுக்குக் கீழே மர வளைகால்.

முதல் முயற்சியில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வளைவை அழகாக வெட்டிவிட்டு, கண்மதிப்பில் துளையிட்டுப் பூட்டினேன். உட்கார்ந்தால் நாற்காலி முன்னால் தள்ளியது. வளைவில் குற்றமில்லை; அதைப் பொருத்திய இடம்தான் தவறு. அதனால் கீழே ஐந்தாம் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

தேவையானவை: 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) 85 × 13 செ.மீ. துண்டுகள் நான்கு (பிளைவுட் கடைகளில் வெட்டி மிஞ்சியதைக் கேட்டால் மலிவாகக் கிடைக்கும்), மரப்பசை, 8 மி.மீ. போல்ட் நான்கு, வாஷர், விங் நட் (கையாலேயே திருகும் சிறகுள்ள நட்), சி-கிளாம்ப் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) குறைந்தது நான்கு, ஜிக்சா (வளைவு வெட்டும் மின்ரம்பம்), டிரில், அரம், உப்புத்தாள், ஒன்றேகால் மீட்டர் நீள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்று.

படி 1: நாற்காலியைத் தேர்ந்தெடுத்தல்

கால்கள் 3.5 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் ஆடக் கூடாது. இருக்கை உயரம் 42 முதல் 45 செ.மீ. வரை இருக்கலாம், வளைகால் மாட்டியதும் மூன்றரை செ.மீ. கூடிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். பழைய தேக்கு கிடைத்தால் யோகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடலாம், பேரம் பேசத் தெரிந்தவரை உடன் அழைத்துக்கொண்டு.

படி 2: வளைவு வரைதல்

எவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டு என்பதுதான் கேள்வி. உட்கார்ந்தவரையும் சேர்த்து நாற்காலியின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 60 முதல் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். வட்டத்தின் ஆரம் இதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால்தான் சாய்ந்த நாற்காலி தானே திரும்பி வரும். குறைந்தால் குடை சாயும். ஆரம் கூடக் கூட அசைவு குறுகிச் சட்டென்று திரும்பும். குறையக் குறைய ஆழமாக, மெதுவாக ஆடும். இரண்டுக்கும் நடுவே நான் எடுத்துக்கொண்டது 105 செ.மீ.

நூலைக் கட்டி வட்டம் வரையாதீர்கள், நூல் இழுபடும். ரீப்பரில் 105 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போடுங்கள். ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில். பிளைவுட் துண்டைத் தரையில் கிடத்தி, அதன் நீளத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் நேரே மேல் விளிம்புக்கு 92 செ.மீ. அப்பால் ஆணி வரவேண்டும். தரையில் ஆணி அடிக்க வேண்டாம். ஒரு பலகையில் அடித்து அதன்மேல் அரிசி மூட்டையை வைத்தால் போதும். இப்போது வரைந்தால் வளைவு நடுவில் கீழ் விளிம்பைத் தொட்டு, இரு நுனிகளிலும் பலகைக்கு 4 செ.மீ. அகலம் மிச்சம் வைக்கும். மேல் விளிம்பு நேராகவே இருக்கட்டும். புதியவர்களுக்கு ஒரு வெட்டு போதும்.

படி 3: ஒட்டுதல், வெட்டுதல்

இரண்டிரண்டு துண்டுகளாகப் பசை தடவி ஒட்டி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டவும். பிறகு இரண்டு வளைகால்களையும் ஒன்றாகக் கிளாம்பில் பிடித்து, ஒரே பொருள்போல அரத்தால் ராவுங்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நொண்டும்.

முன்பக்கத்தில் 8 செ.மீ. வெட்டிவிடுங்கள், அங்கே நீண்டிருந்தால் கணுக்காலில் இடிக்கும். பின்பக்கம் முழு நீளத்தோடு இருக்க வேண்டும், மல்லாந்து விழாமல் காப்பது அதுதான்.

படி 4: தற்காலிகமாக மாட்டுதல்

ஒவ்வொரு காலிலும் அடியிலிருந்து 9.5 செ.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். வளைகாலின் நேரான விளிம்பு அந்தக் கோட்டில் படியும்படி, கால்களின் வெளிப்பக்கத்தில் கிளாம்பால் பிடியுங்கள். வளைவின் நடு (முன்பக்கம் வெட்டுவதற்கு முன் போட்ட நடுக்கோடு), இருக்கையின் நடுவுக்கு நேர் கீழே.

பல நாற்காலிகளில் பின்கால்கள் முன்கால்களைவிட நெருங்கி இருக்கும். அப்படியே மாட்டினால் வளைகால்கள் இணையாக அமையாது. ஆட ஆட நாற்காலி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பின்காலுக்கும் பலகைக்கும் நடுவே தேவையான கனத்துக்கு அண்டைக் கட்டை கொடுங்கள்.

படி 5: உட்கார்ந்து பார்த்தல்

இன்னும் துளையிடவில்லை என்பது நினைவிருக்கட்டும். யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக உட்காருங்கள். கால்களைத் தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். நாற்காலி எந்தச் சாய்வில் வந்து நிற்கிறதோ அதுதான் அதன் இயல்பு நிலை.

முன்னால் தள்ளினால் எழுந்து, கிளாம்பைத் தளர்த்தி, வளைகால்களை முன்னோக்கி 1 செ.மீ. நகர்த்துங்கள். நகர்த்தும் ஒவ்வொரு செ.மீட்டருக்கும் நாற்காலி சுமார் ஒன்றேகால் பாகை பின்னால் சாயும். ரொம்பப் படுத்துக்கொண்டால் எதிர்த்திசையில். 4 செ.மீட்டருக்கு மேல் நகர்த்த நேர்ந்தால் காலின் அடி தரையில் உரசுகிறதா என்று பாருங்கள். எனக்கு 3 செ.மீட்டரில் சரியாக அமைந்தது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, இரண்டுதான் வேண்டும் என்றார். இரண்டரையில் உடன்பாடு ஏற்பட்டது. வீட்டில் யார் அதிகம் உட்காருவாரோ அவரை வைத்தே அளவு பாருங்கள்; பத்து நிமிடமாவது உட்கார்ந்து ஒரு காபி குடிக்கட்டும்.

படி 6: துளையிட்டுப் பூட்டுதல்

கிளாம்பைக் கழற்றாமலே, பலகையின் மேல் விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழே, ஒவ்வொரு காலின் நடுவிலும் துளையிடுங்கள். போல்ட் தலை வெளியே, விங் நட் உள்ளே. மாறிப்போனால் போகிற வருகிறவர்கள் காலைக் கீறிக்கொள்வார்கள். வலது, இடது என்று பலகையின் உட்பக்கம் எழுதிவையுங்கள்.

வளைவின் பின்நுனியில் அடிப்பக்கமாக விரல் கனத்துக்கு ஒரு கட்டையை ஒட்டி, உள்ளேயும் இரண்டு திருகாணி போட்டால், வேகமாகச் சாய்ந்தாலும் அது தரையில் முட்டி நிறுத்தும். டைல்ஸ் தரை என்றால் வழுக்கும், சத்தமும் வரும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, வளைவின் அடியில் ஒட்டிவிடுங்கள். மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது உங்கள் விருப்பம். நான் பூசியது ஆளிவிதை எண்ணெய்.

குழந்தையோ பூனையோ இருக்கும் வீடு என்றால், ஆடும் முன் கீழே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வளைகாலுக்கு அடியில் விரலும் வாலும் நசுங்கும். முதல் வாரத்தில் மரம் படியும்போது நட்டுகள் தளரும், தினம் ஒரு முறை இறுக்குங்கள். கழற்றிய வளைகால்களை எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் இரண்டு ஆணிகளில் தொங்கவிட்டிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் சாப்பிட வந்தார்கள். கழற்ற ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.